மனு

தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆங்கில மனு.
மூன்றாவதை போர்டில் நானே பெயின்டால் சேர்த்தேன்.
பிளஸ் டூவில் இங்கிலீஷ் நாற்பத்தொன்று.
அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

இன்று காலை பிரிஜித்தா வந்தார்,
படகுப் பதிவு, டோக்கன் நகல்,
ஓரம் நனைந்த ஆதார் அட்டையோடு.
சனிக்கிழமை போன இன்னாசியை
ஞாயிறு விடியுமுன் அந்தக் கரை நேவி
படகோடு இழுத்துப் போய்விட்டது.
டெல்லிக்குப் போகிற கடுதாசியாம்,
இங்கிலீஷில் இருக்கணுமாம்.

பழைய மனுவைத் திறந்து பெயரை மாற்றினேன்.
எப்போதும் அப்படித்தான் செய்வது.
"தமிழ்ல ஒருக்கா சொல்லுங்க" என்றார்.
என் கணவர் மீனவராக இருந்தார்,
என்று தொடங்கினேன்.

"இருந்தாரா?"

யூபிஎஸ் ஒருமுறை கத்தி ஓய்ந்தது.
அது போன ஐப்பசியில் மூழ்கிய ஒருவரின் நிவாரண மனு.
ஒரு வாஸ். மூன்றே எழுத்து. அழித்தேன்.
அழித்த இடத்தில் கர்சர் துடித்தது.

சிம்பிள் பிரசன்ட் போடலாம் என்றேன்,
அவர் மீன் பிடிக்கிறார்.
வழக்கமாகச் செய்வதற்கு அது.
தண்ணீர் ஏறுகிறது, வற்றுகிறது என்பதைப் போல.
"வழக்கம்னா தினமுமா?
வாரத்துக்கு மூணு நாள், அதுவும் காத்து விட்டா."
மூன்று நாளும் வழக்கம்தான் என்றேன்.

கன்டினியூவஸ் என்றால் இந்த நொடி.
பிடித்துக்கொண்டிருக்கிறார்.
"இந்த நொடி அவரு
செயில்ல குந்திக்கிட்டிருக்காரு."
இலக்கணப்படி அவர் சொன்னதுதான் சரி.

பெர்ஃபெக்டில்தான் சிக்கல்.
கடலுக்குப் போயிருக்கிறார் என்போம் நாம்,
போய்த் திரும்பியவரையும்
திரும்பாதவரையும் ஒரே சொல்லில் ஏற்றி.
இங்கிலீஷ்காரனுக்கு அதில் இரண்டு படகு.
ஹேஸ் பீன் என்றால் போய் வந்துவிட்டார்.
ஹேஸ் கான் என்றால் போனவர் இன்னும் வரவில்லை.

"வந்துட்டாருங்கிறதை அடிங்க."
அது பொய்யாகிவிடுமே என்றேன்.
"தெரியும். சும்மா சொன்னேன்."

நகத்தால் மேசையின் பிசினைச் சுரண்டினார்.
"போறப்ப வாரேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு.
வருவேன்னு இல்ல. வாரேன்னு."

கைடு புத்தகத்தில் அறுபத்து மூன்றாம் பக்கம்.
ஹி இஸ் கமிங் டுமாரோ.
நாளைக்கு வருவதையும் நிகழ்காலத்தில் சொல்லலாம்,
முடிவு செய்தாகிவிட்டால்.
பரீட்சைக்காக உருப்போட்டேன், அவ்வளவுதான்.
எவனோ வெள்ளைக்காரனின் கிறுக்கு
என்று நினைத்திருந்தேன்.
இந்தக் கரையில் ஒவ்வொருவனும்
நங்கூரம் தூக்குமுன் அதைத்தான் சொல்கிறான்.

கடைசியில் இப்படி அடித்தேன்:
பத்தொன்பது வருடமாக மீன்பிடித்து வருகிறார்.
ஹேஸ் பீன் ஃபிஷிங்.
"இதுலயும் அந்த ஹேஸ் பீன் வருதே?"
வருகிறது, ஆனால் இங்கே அர்த்தம் வேறு.
அன்றைக்குத் தொடங்கியது,
இன்னும் முடியவில்லை.

"முடியலங்கிறது அதுல இருக்கா?"
இருக்கிறது.
"எந்த இடத்துல?"
திரையில் தொட்டுக் காட்டினேன்.
அந்த எழுத்துகளை அவர்
முகம் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

இன்னாசி என்ற பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு.
கம்ப்யூட்டருக்கு அவரைத் தெரியாது.
"அது பிரிண்ட்ல விழுமா?" விழாது.
மூன்று காப்பி, நாற்பது ரூபாய்.
முப்பத்தைந்துதான் இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

அவர் போன பிறகு
பழைய ஃபைலை அழிக்கப் போய், நிறுத்திவிட்டேன்.
புரட்டாசி பாதி கடந்தாயிற்று,
அதுவும் யாருக்காவது வேண்டியிருக்கும்.
பெயரை மட்டும் பிரித்து வைத்தேன்:
மனு-இருந்தார்.
மனு-இருக்கிறார்.
அகர வரிசையில்
இருக்கிறார்தான் முதலில் நிற்கிறது.