ஒரே மைக்

சவுண்டு சர்வீஸ்காரர் ஒரு மைக்கை நட்டுவிட்டு
"பொம்பள செட்டுக்கு இது போதும்" என்று
பீடி பற்றவைத்தார்.
மீதி நாலும் எங்களுக்கு அப்புறம் பாடப்போகும் ஆண்களுக்கு.
கொடுங்கையூர். கூழ் ஊற்றி முடிந்த தெரு.

வயலட்டிடம் வயலின், ஷமீமாவிடம் டோலக்,
நாகுவின் மேண்டலின், பூங்காவனத்தின் தொண்டை.
என்னிடம் பேன்ஜோ,
டைப்ரைட்டருக்கும் வீணைக்கும் பிறந்த பிள்ளை.

தண்ணி லாரிக் குழாயில்
குடத்தை நுழைத்து எடுத்துப் பழகிய இடுப்புகள்,
இடிக்காமல் மைக்குக்குள் நுழைந்தன,
இடிக்காமல் விலகின.
மேண்டலின் பேச வந்தால் பாட்டு தோளை ஒதுக்கும்.
வயலின் மூச்சு இழுத்தால் எனக்குத் தெரியும்,
அடுத்து யார் என்று.
பீடி அவர் விரலைச் சுட்டதைப் பார்த்தேன்.

நோட்டீஸ் அடித்தவர் வைத்த பேர்தான்:
காசிமேடு கேர்ள்ஸ்.
காசிமேட்டுக்காரி பூங்காவனம் ஒருத்திதான்.
கேர்ள் யாருமே இல்லை.

பதினோரு வருஷம்.
அறுநூறு ரூபாயும் அஞ்சு பிரியாணிப் பொட்டலமும்,
அதில் மூன்றில் முட்டை இருக்காது.
எட்டாம் மாத வயிற்றோடு வயலட்
நாற்காலி கேட்காமல் நின்று வாசித்தாள்.
என் வீட்டுக்காரர் பேன்ஜோவை அடகு வைத்தபோது
மீட்டது நாகுவின் கம்மல்.
புளியந்தோப்பில் ஒரு சாவு வீட்டில்
பெரியவர் ஒருவர் தடுத்தார்:
பெண்கள் ஒப்பாரி வைக்கலாம், கானா பாடக் கூடாதாம்.
செத்தவரின் பெண்சாதி எழுந்து வந்து
"அந்தாளுக்குப் புடிச்சது இதுதான், நீ பாடும்மா" என்றாள்.
விடியும்வரை பாடினோம்.
காசு வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

கோடம்பாக்கத்தில் ஒருநாள்
ஐந்து பேருக்கு ஐந்து மைக்,
ஐந்து கண்ணாடி அறை, காதுக்கு மூடி.
இருபத்திரண்டு தடவை "ஒன் மோர்" என்றான் அந்தப் பையன்.
ஷமீமாவின் வளையல் கேட்கவில்லை,
வயலட்டின் மூச்சு கேட்கவில்லை,
எங்கே நுழைவதென்று தெரியாமல்
வாசல் தெரியாத வீட்டைச் சுற்றுவதுபோல் சுற்றினேன்.
கடைசியில் பூங்காவனம் மூடியைக் கழற்றினாள்:
"தம்பி, நாலு மைக்க எடுத்துக்க."
அந்த சிடி நாற்பது விற்றது.
மிச்சம் அவள் வீட்டு இறால் பெட்டியில்,
ஐஸ் இல்லாமல்.

எங்களுக்குள் சண்டை வரவில்லை.
கால்வாய்க்கரை வீடுகளை இடித்தார்கள்.
ஷமீமாவையும் நாகுவையும்
பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வைத்தார்கள்.
பாட்டு சூடாகும் நேரத்தில்
அவர்களுக்குக் கடைசி பஸ்.
இரண்டு கச்சேரி பாதியில் எழுந்து போனார்கள்.
மூன்றாவதுக்கு நாங்களே கூப்பிடவில்லை.

இப்போதும்
பக்கத்தில் யாராவது பேச வாயெடுத்தால்
என் இடது தோள் தானாக ஒதுங்குகிறது.
நேற்று தண்டையார்பேட்டை ரேஷன் கடை வரிசையில்
பின்னால் நின்றவள் கேட்டாள்,
"இன்னாக்கா, இடுப்பு புடிச்சிக்கிச்சா?"