ஒரு சாண் குறைவு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டியின் பெட்டிகளை
எண்ணி முடிப்பதற்குள்
சகாயமேரியின் மூன்றாவது போன்:
"இன்னா சார், கெடைக்குமா?"

எல்லாரும் கேட்பது அதைத்தான்.
மழை வருமா என்பதுபோல,
பையனுக்கு சீட் கிடைக்குமா என்பதுபோல.
நான் லைசென்ஸ் சர்வேயர்.
டேப்பும் பென்சிலும் வைத்திருக்கிற ஜோசியக்காரன்.

மாடியில் ஒரு ரூம், ஒரு பாத்ரூம்.
ஈஸ்டர் கழிந்ததும் மகனுக்குக் கல்யாணம்.
பட்டா இருக்கிறது. வில்லங்கம் இல்லை.
சொத்துவரி ரசீதெல்லாம் பிளாஸ்டிக் உறையில்,
மாதா படத்துக்குப் பின்னால்.
பக்கத்தில் விட வேண்டிய காலியிடத்தில் மட்டும்
நீல டிரம், டயர் இல்லாத சைக்கிள், குட்டி போட்ட பூனை.
"எல்லாத்தையும் எடுத்துடறேன் சார்."
பூனையையுமா என்று நான் கேட்கவில்லை.

தெருவை அளக்கும்போதுதான் சிக்கல்.
அவள் வாசலில் அகலம் போதும்.
நாலு வீடு தள்ளி
தனபாக்கியம் வீட்டுப் படியருகே
விதி கேட்பதற்கு ஒரு சாண் குறைவு.
இரண்டு தடவை அளந்தேன்.
மூன்றாம் தடவை டேப்பைக் கொஞ்சம் தொய்வாகப் பிடித்தேன்.
அப்போதும் அரைச் சாண்.

"நூத்துக்கு எவ்ளோ சார்?"
நாற்பது என்றேன்.
அந்த அம்மா ஒரு படியை இடித்தால் எழுபது.
அதிகாரி மாறினால் திரும்ப நாற்பது.
நடுவில் எலெக்ஷன் வந்தால்
எனக்கே தெரியாது.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு
காசிமேட்டு வஞ்சிரம் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு
தனபாக்கியம் வீட்டுக்குப் போனாள்.
நானும் போனேன், மடித்த வரைபடத்தோடு.
தனபாக்கியம் படியில் உட்கார்ந்தபடியே பேசினாள்:
"போன வெள்ளத்துல தண்ணி ரெண்டாம் படி வரிக்கும் வந்துச்சு.
மூணாவது படிதான் என் வூட்டக் காப்பாத்திச்சு.
நீ எடுக்கச் சொல்றே.
தண்ணி வரும்போது உன்னாண்ட வந்து
நூத்துக்கு எவ்ளோன்னு கேட்டுட்டா வரும்?"
மீனை மட்டும் வாங்கி உள்ளே வைத்தாள்.

ராத்திரி வரைய உட்கார்கிறேன்.
என் வீட்டு மொட்டைமாடியில்
நானே எழுப்பிய ரூம் இது, மேலே தகரம்,
எந்தக் காகிதத்திலும் இல்லை.
இதற்குள் உட்கார்ந்துதான்
ஊரார் ரூம்களை
சட்டப்படி வரைந்து கொடுக்கிறேன்.

தெருவுக்கு இரண்டு நேர்கோடு.
தனபாக்கியம் படியருகே பென்சில் நின்றது.
கோடு நேராகவே போனால்
யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?
பார்க்க வருவார்கள், அதுவும் நூற்றுக்கு முப்பது.
அழித்தேன். வரைந்தேன். அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

பத்தரைக்கு வாட்ஸப்பில் ஒரு போட்டோ:
"செங்கல் எறக்கிட்டேன் சார்,
வெல ஏறுதுன்னாங்க."
தெருவிளக்கடியில் செங்கல் அடுக்கு.
மேலே உட்கார்ந்திருக்கிறது பூனை.
அந்த இடத்தில் இப்போது தெரு
இன்னும் ஒரு முழம் குறைவு.
நாளைக்கு மணல் வருகிறதாம்.