ஏழு புள்ளி நான்கு

இரத்தச் சோதனைப் படிவத்தில்
சின்னச் சின்னக் கட்டங்கள்.
ஒரு பேனாக் கீறல் போதும்.

மலக்கி லாவெல்லுக்கு நான்தான் கீறினேன்.
வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி,
வெளியே இன்னும் ஒன்பது பேர்.
"எதற்கும் பார்த்துவிடுங்களேன், டாக்டர்."
எதற்கும்.
அந்த ஒரு சொல்லுக்குக் கையெழுத்திட்டேன்.

ஏழு புள்ளி நான்கு என்று வந்தது.
ஐந்துக்குள் இருந்திருக்க வேண்டும்.
பெல்முல்லெட்டிலிருந்து காசில்பார் மருத்துவமனைக்கு
மழையில் நான்கு முறை போய்வந்தார்.
குடலுக்குள் ஒரு குழாய், தொண்டைக்குள் ஒரு குழாய்,
வளையத்துக்குள் படுக்கவைத்து ஒரு படம்.
எங்கும் ஒன்றும் இல்லை.
அவருடைய சிகரெட் மட்டும் இருந்தது, நாளுக்கு இருபது.
எண்ணை ஏற்றிவிட்டது அந்தப் புகைதான் போல.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.
சேதி தெரிவதற்குள்
நாற்பது செம்மறிகளை விற்றிருந்தார்,
விலை விழுந்த நவம்பரில்,
தனக்குப் பின் மனைவிக்குத் தொல்லை வேண்டாமென்று.
இப்போதும் கடைத்தெருவில் தொப்பியைத் தொட்டு
எனக்கு நன்றி சொல்கிறார்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று டிம்ப்னா வந்திருக்கிறாள்.
நண்டு பதனிடும் ஆலையில் வேலை, ஐம்பத்தாறு வயது.
பக்கத்து மேசைக்காரியைப் புதைத்து மூன்று வாரம்.
"எல்லாப் புற்றுநோய்க்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள்."
முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
கட்டம் பார்த்து ஆயுள் சொல்பவள் இல்லை நான்;
இரத்தம்
நோய் இருக்கையில் பரம சாதுவாய் உட்கார்ந்திருக்கும்,
இல்லாதபோது ஊரைக் கூட்டும்;
இதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது:
அவள் கால்சட்டை இடுப்பில்
பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே
இழுத்து மாட்டிய ரப்பர் வளையம்.

"எப்போதிலிருந்து?"
"ஈஸ்டர் முதல். சதை போட்டுவிட்டது, டாக்டர்."
"சாப்பாடு?"
"இரண்டாவது உருளைக்கிழங்கே இறங்குவதில்லை."

தின்னாமல் சதை போடுமா?

படுக்கச் சொன்னேன்.
கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன்.
இருபது நிமிடம்.
வெளியே நாற்காலிகள் முனகின.

பிறகு படிவத்தில்
மற்றதையெல்லாம் விட்டுவிட்டு
ஒரே ஒரு கட்டம்.
ஸ்கேனுக்கும் இன்றே கடிதம்:
எண் நல்லதாக வந்தாலும் இதை ரத்து செய்ய வேண்டாம் என்று
கடைசி வரியை இருமுறை அடிக்கோடிட்டு.

"ஒன்றுதானா?" என்கிறாள் டிம்ப்னா,
எடையில் ஏமாற்றப்பட்டவளைப் போல.