வந்த காரணம்

டிசம்பர் முப்பத்தொன்று, நள்ளிரவு.
வெஸ்ட்வில் மலையில் ஆளில்லாத நேரத்தில்
கணினி தானாக ஒரு பட்டியலை ஓட்டியது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்
காலாவதி.

தயிருக்கும் இருமல் மருந்துக்கும் சொல்கிற சொல்.
இங்கே ஒப்பந்த விரிவுரையாளர்களுக்கும்.

நான் அதற்குப் பொறுப்பில்லை.
என் மேசை, நூலகங்களுக்கிடையே இரவல்.
நம்மிடம் இல்லாததை
ஊரெல்லாம் கேட்டு வாங்கித் தருவது.
கேப் டவுனிலிருந்து ஓர் ஆய்வேடு,
ப்ளூம்ஃபொன்டெய்னிலிருந்து ஒரு வரைபடம்,
நெதர்லாந்திலிருந்து நான்கே நான்கு பக்கம்.
கல்யாண வீட்டுக்கு வாங்கிய பக்கத்து வீட்டுப் பாத்திரம் மாதிரி:
விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும்,
திருப்பும்போது எண்ணிக் கொடுக்கவேண்டும்.

ஜனவரி ஒன்பது. பழுப்பு உறையில் வந்தது
உம்கேனி கழிமுகத்து நண்டுகளின் கணக்கெடுப்பு,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.
தட்டச்சுப் பிரதி. துருவேறிய கம்பி.
கேட்டவர்: முனைவர் தோபேக்கா ந்டிமாண்டே.
எண்ணைத் தட்டினேன். திரை சொன்னது:
அப்படி ஒரு வாசகர் இல்லை.

இல்லையாம்.
அக்டோபரில் என் எதிரே உட்கார்ந்து
காலணியில் சேறு காயக் காய
ஏழு படிவம் நிரப்பியவர்.
"நண்டு குறைந்துவிட்டது என்று
கண்ணுக்குத் தெரிகிறது, கோகி.
முன்பு எத்தனை என்று தெரியாமல்
குறைந்தது என்று எப்படி எழுத?"
கேட்டுவிட்டுப் போய்விட்டார்.
சாட்ஸ்வர்த் போகும் பஸ்ஸில்
நான் அதைச் சுமந்துகொண்டிருந்தேன்.

விதி தெளிவானது.
வாசகர் இல்லையெனில் உடனே திருப்பு.

மேலாளர் திரு. லாங்காவிடம் போனேன்.
"பணியாளர் எண் இல்லையே" என்றார்.
கெட்டவர் அல்லர்.
அவர் எண்ணும் மார்ச்சோடு முடிகிறது.

சரி, ஸ்கேனாவது எடுத்து வைப்போம் என்று
கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினேன்.
பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று
சுவரில் அறிவிப்பு ஒட்டியவளே நான்தான்.
முப்பத்தேழாம் பக்கத்தில் மின்வெட்டு,
இரண்டரை மணி நேரம்.
மின்சாரம் என்னைவிட நேர்மையாக இருந்தது.
இருட்டில், கண்ணாடிமேல்,
ஒரு நண்டின் கோட்டோவியம் கவிழ்ந்து கிடந்தது.
வெளியே குரங்குகள்
யாரோ விட்டுப்போன பன்னி சாவ் பொட்டலத்துக்கு அடித்துக்கொண்டன.

தொலைபேசியில் அழைத்தேன்.

குவாமாஷுவிலிருந்து இரண்டு டாக்சி மாறி வந்தார்.
சுழற்கதவில் பழைய அட்டையை வைத்தார்,
பழக்கதோஷம்.
சிவப்பு.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.
சிவப்பு.
இரண்டு ஆண்டு அவருக்குக் காலை வணக்கம் சொன்ன காவலர்
கார் நிறுத்தத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

பார்வையாளர் பேரேடு. நூலில் கட்டிய பேனா.
முனைவர் என்று எழுதினார். அடித்தார்.
பெயர் மட்டும்.
நிறுவனம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
மேலே மற்றவர்கள் எழுதியிருந்தார்கள்:
ஏசி பழுது. மகள் சேர்க்கை. நகல்.
அவர் எழுதினார்:
நண்டு.

வாசிப்பறையில் மட்டும், மாலை நான்கு வரை.
விளக்கின் கழுத்தை அவர் பக்கம் வளைத்துவிட்டு
என் மேசைக்கு வந்தேன்.
நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம்
உதடு அசைந்துகொண்டிருந்தது.
யாரோ அறுபதாண்டு முன்பு
முட்டியளவு சேற்றில் நின்று எண்ணியதை
இவர் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு நூலை வாங்கினேன்.
பக்கங்களைச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன.
நடுத் தாள்களின் மடிப்பில் ஒரு சிட்டிகை சேற்றுத்தூள்.
இன்றையதா, அன்றையதா?
பெறும்போதைய குறைபாடுகள் என்ற இடத்தில்
ஒன்றுமில்லை என்று எழுதி,
தட்டிவிடாமல்
உறையை ஒட்டினேன்.