இரண்டரை மணித்தியாலம்

வெள்ளைக் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டது.
கரைவலைச் சம்மாட்டியார் கையை நெற்றியில் வைத்துப் பார்த்து
"ஆழம் காணாது, கிட்ட வராது" என்றார்.
வரவில்லை.
செம்மஞ்சள் கூரை போட்ட குட்டிப் படகுகள்தான்
முப்பது முப்பது பேராய் முல்லைத்தீவு மணலில்
இறக்கிவிட்டுப் போயின.

எனக்கு அரைநாள் லீவு.
காமென்ட் சூப்பர்வைசரிடம் பல்வலி என்று சொல்லியிருந்தேன்.
கும்மிக்கு எட்டுப்பேர், ஆளுக்கு இரண்டாயிரம்,
சேலை இரவல்.
ஊதா எனக்குப் பிடிக்காது.
ஊதாதான் கிடைத்தது.

பவளராணி அக்கா விடியப்புறம் மூன்று மணிக்கே
அண்டாவை ஏற்றிவிட்டா.
நண்டு, இறால், திருக்கைத் துண்டு,
பலாக்கொட்டை, பயத்தங்காய், ஒரு பிடி அரிசி.
கடைசியாக ஒடியல் மாவைக் கரைத்து ஊற்ற
கூழ் தடித்து
அகப்பை நடுவில் நின்று யோசித்தது.
உறைப்பைக் குறைக்கச் சொன்னார் கம்பனிக்காரர்.
"குறைச்சுத்தான் கிடக்கு" என்றா அக்கா,
தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுப்பைக் கடலுக்கு முதுகுகாட்டி வைத்திருந்தா.
புகைக்கு, என்றா.
முந்தி ஒருக்கால் இதே கடலில் நின்ற கப்பல்
காயக்காரரை மட்டும் ஏற்றியது.
அதை அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மிளகாய் அரைத்தோம்.

பிளாவைப் பிடிக்கத் தெரியாத ஒருவர்
தீர்த்தம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தினார்.
ஒரு நெட்டை மனிசி முதல் வாய் குடித்து,
கடலைப் பார்த்து நின்று இருமி,
மூக்கு நுனி செவ்வரத்தம்பூவாகத்
திரும்பி வந்து
இன்னொருக்கால் நீட்டினா.

பதினெட்டு நிமிடம் கும்மி.
குனிந்தோம், நிமிர்ந்தோம், வட்டம் சுற்றினோம்.
கொன்சியின் சலங்கை கழன்று மணலில் விழ
அதையும் ஆட்டமென்று படம் பிடித்தார்கள்.

பேந்துதான் கொண்டல் கிளம்பியது.
படகு கரை தொடாது, பொறுங்கோ என்று
வோக்கி கரகரத்தது.
எங்களிடம் இருந்த கும்மி முடிந்துபோச்சு.
முதலிலிருந்து திரும்ப ஆடினோம்.
பிறகும் திரும்ப.
மூன்றாம் தரம் அவர்களுக்கே அடி தெரிந்துவிட்டது,
எங்களுக்கு முன்னமே கை தட்டினார்கள்.

அண்டாவின் மறைவில்
ஒரு சின்ன மனிதன் குந்தியிருந்தான்.
கப்பலில் கோப்பை கழுவுகிறவன், தண்ணீர்ப் பெட்டி காவி வந்தவன்.
நாலு பிளா குடித்து வரிசையாய் அடுக்கியிருந்தான்.
பெயர் றொடெல், ஊர் பிலிப்பைன்ஸ்.
சோறு இருக்கா என்று சைகையில் கேட்டான்.
அக்கா தன் பார்சலை அவிழ்த்தா.
கருவாட்டுக் குழம்பை விரலால் குழைத்து
எங்களைப்போலவே உருட்டினான்,
ஒரு பருக்கை சிந்தாமல்.

கை கழுவி எழும்பினவனின் கண்
அண்டா காவிய இரண்டு மூங்கிலில் விழுந்தது.
இழுத்துப் போட்டான்.
எங்கட பெடியள் இருவரை முனைக்கொருவராய் இருத்தி
தரையில் தட்டு, தட்டு,
பிறகு இரண்டையும் சேர்த்து அடி.
சேரும் நொடிக்கு முன் கால் வெளியில் இருக்கவேண்டும்.
அவ்வளவுதான் சட்டம்.
கோப்பை கழுவுகிறவனின் கால்
கொக்கின் காலாகிவிட்டது.

பறைக்கார யூஜினுக்கு அந்தத் தாளம் பிடிபட
ஆறு தட்டு எடுத்தது.
நான் ஊதாச் சேலையை முழங்காலுக்குச் செருகி
உள்ளே குதித்தேன்.
வெளியே.
உள்ளே.
மூங்கில் கணுக்காலைக் கவ்வியது,
"ஐயோ அம்மா" என்றேன்,
அவனும் தன் பாசையில் அதையேதான் சொன்னான்போல.
சம்மாட்டியார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.
அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

காற்று விழுந்தது. விசில் ஊதினார்கள்.
கயிறு பிடிக்க வேலைக்காரர்தான் முதலில் ஓடவேண்டுமாம்.
ஐந்தாவது பிளா பாதியில் கிடக்க
றொடெல் ஓடினான்.
நெட்டை மனிசி கடைசிப் படகில் ஏறினா.
கம்பனிக்காரர் ஆயிரத்து எண்ணூறுதான் தந்தார்.

அடுத்தநாள் மெசின் மிதியில் என் கால்
தட்டு, தட்டு, சேர்.
கொலர் கோணிப்போய்த் தைபட்டது.
பக்கத்தில் வந்து நின்ற சூப்பர்வைசர்
என் கன்னத்தைப் பார்த்தார்,
கணுக்காலைப் பார்த்தார்.
"பல்லுக்கா பிள்ளை இப்படி நொண்டுறாய்?"