அளவுக்கு ஒரு நாணயம்

புவெர்த்தோ மோன்ட்டில் மழை நின்றால்தான் செய்தி.
துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில்
பல் டாக்டருக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவே
என் ஸ்டுடியோ.
அடையாள அட்டைப் படம் எட்டு நிமிஷம்.
கல்யாணப் படத்தில் பரு, தழும்பு, இரட்டை நாடி,
இருந்த இடம் தெரியாமல் எடுத்துத் தருவேன்.
முப்பத்தோரு வருஷமாக இதுதான் பிழைப்பு.

எர்மிந்தா ஓயார்சோ வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
சால்மன் ஆலையின் ரப்பர் பூட்ஸ் இன்னும் காலில்.
வலது கையை
இரவல் வாங்கிய பாத்திரம்போல
இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

வக்கீல் எழுதிக் கொடுத்த சீட்டு:
ஃபிளாஷ் வேண்டாம். மூன்று கோணம்.
ஒன்றில் முகமும் தெரிய வேண்டும்,
யார் கை என்று கேட்பார்கள்.
அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஸ்கேல்.

ஸ்கேல் கிடைக்கவில்லை.
நூறு பெசோ நாணயத்தை
முழங்கைக்குக் கீழே மெதுவாக வைத்தேன்.
நாணயத்திலிருந்த மாப்புச்சே பெண்
மேஜையைப் பார்த்துக் குப்புறக் கிடந்தாள்.
திருப்பி வைத்தேன்.

பெல்ட் இழுத்த இடம் கத்தரிக்காய் நிறம்.
அதன் ஓரமாகச் சங்கிலிக் கண்ணிகள்
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலாவதில் தோல் இல்லை.
"வீட்டுப் படியில விழுந்துட்டேனாம்,
கம்பெனி எழுதியிருக்கு.
எங்க வீட்டுல படியே கிடையாது சார்."

கையை மட்டும் இரண்டு படம்.
மூன்றாவது முகத்தோடு.
லென்ஸுக்குப் பின்னால் போனதும்
வாய் தானாகச் சொல்லிவிட்டது,
"கொஞ்சம் சிரிங்க."
சிரித்துவிட்டாள்.
எனக்குச் சொல்லிப் பழக்கம்.
அவளுக்குச் சொன்னதைச் செய்து பழக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை படம் திரும்பி வந்தது.
வக்கீல் பார்ரியா போனில் கத்தவில்லை,
கத்தியிருந்தால் தேவலை.
"எதிர்த்தரப்பு இந்த ஒன்றைத்தான் காட்டுவான்.
வலிக்கிறவள் இப்படியா சிரிப்பாள்,
அந்த ஒரு கேள்வி போதும் அவனுக்கு.
மறுபடி எடுங்கள்."

மறுபடி எடுக்க வந்தபோது
வீக்கம் வடிந்திருந்தது.
ஓரமெல்லாம் பச்சை, நடுவில் ஊறிய தேயிலை.
கண்ணியில் ஒன்றுதான் மிச்சம்.
"விரல் மடங்குதா?"
"மடங்கலை."
மடங்காததை எப்படிப் படம் பிடிப்பது?
விரித்த கையும் மடக்க முடியாத கையும்
படத்தில் ஒரே கைதான்.

அன்றிரவு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.
எடுக்கத் தெரிந்தவனுக்குப் போடவும் தெரியும்.
கொஞ்சம் நீலம், அதன்மேல் கொஞ்சம் கறுப்பு.
செவ்வாய்க்கிழமையைத் திரும்பக் கொண்டுவர
பத்து நிமிஷம் ஆகாது.
பொய்யும் இல்லை, இருந்ததுதானே?
போட்டேன்.
அச்சு அசலாக வந்தது,
செவ்வாய்க்கிழமைப் படத்தைவிட நன்றாகவே.
அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.
அழித்தேன். அழிந்ததா என்று
எழுந்து வந்து இன்னொரு முறை பார்த்தேன்.

வழக்கு பதினான்கு மாதம்.
கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார்களாம்.
குறைந்தது என்னாலா
என்று வக்கீல் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

நேற்று வந்தாள். குடையை மடக்க
வயிற்றோடு வைத்து அழுத்த வேண்டியிருந்தது.
"அந்த வேண்டாம்னு சொன்ன படம்
இன்னும் வெச்சிருக்கீங்களா?"
இருந்தது.
"பெரிசா ஒண்ணு போட்டுக் குடுங்க.
அதுல நல்லா இருக்கேன்."
"கையை வெட்டிடவா? முகம் மட்டும்..."
"எதுக்கு? இருக்கட்டும்."
"நாணயம்?"
"அதுவும்."

மரச்சட்டம் போதும் என்றாள்.
சட்டத்துக்கு அளவெடுத்தேன்.
இதற்குள்ளாவது
அவள் சிரித்துக்கொள்ளலாம்.

காசு வேண்டாமென்றேன், காதில் வாங்கவில்லை.
பையிலிருந்து சில்லறையை எடுத்து
இடது கையால் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.
எண்ணி முடிக்கும்வரை
நான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.