நூற்று இருபத்தேழு, சைபர், சைபர், ஒன்று

சனிக்கிழமை ராத்திரி
கரண்டு போய் வந்த பிறகு
அவரே வந்து சொன்னார்:
"நீயே பூட்டிரு. சாவிய எங்கிட்டச் சொல்லிறாத."

பெரியவளின் பாடத்துக்காகத்
தவணையில் வாங்கின கம்ப்யூட்டர்.
தெற்குவெளி வீதியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் விரல்கள்,
வார்னிஷ் வாடை போகாத விரல்கள்,
மவுஸைத் தொடமாட்டோம் என்று
மடியில் கிடந்தன.

நான் டைப்ரைட்டிங் ஹையர்.
பூட்டு எங்கே இருக்கிறதென்று தெரியும்.
நாலு ஃபோல்டருக்குள் பதுங்கியிருக்கும்
வால் இல்லாத ஒரு ஃபைல்.
கடவுச்சொல் கேட்டுத்தான் திறக்கும்.
அதன் அடியில் ஒரு வரி அடித்தேன்:
நூற்று இருபத்தேழு, சைபர், சைபர், ஒன்று,
கொஞ்சம் இடம் விட்டு
அந்த ரம்மிக் கடையின் பேர்.

அது என்ன நம்பர் என்றார்.
இந்த வீட்டு விலாசம் என்றேன்.
இனி அங்கே போகக் கிளம்பினால்
மேலமாசி வீதியில் ஆரம்பித்து
வடக்கு, கீழ, தெற்கு என்று சுற்றி
மறுபடி மேலமாசிக்கே வந்து நிற்பீர்கள்.
சிரித்தார்.
எத்தனையோ மாசம் கழித்து.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி.
அடகுக்குப் போன வளையலில் ஒன்று திரும்பி வந்தது.
சாவியை அவர் கேட்கவே இல்லை.
கேட்டால் என்ன சொல்வதென்று
தினமும் ஒத்திகை பார்த்தது நான்தான்.

தை பிறந்து நாலாம் நாள்
சோழவந்தானில் ஒரு பம்ப்செட் வேலை என்று போயிருந்தார்.
மொத்தம் எவ்வளவுதான் போச்சு?
கணக்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.
வரிக்கு முன்னால் ஒரு குறி போதும்,
குறுக்கே ரெண்டு, நெடுக்கே ரெண்டு.
வரி தூங்கிவிடும்.

பக்கம் திறந்தது.
ஆடுபவர் பெயரைக் கம்ப்யூட்டரே நிரப்பியது:
பஞ்சவர்ணம்.
என் பேர்.
அதற்குக் கீழே எட்டுக் கறுப்புப் புள்ளிகள்.
ஓரத்துக் கண் படத்தை அமுக்கினேன்.
பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவையும்
அவருக்கு ஞாபகம் வராத என் பிறந்த தேதி,
நாள், மாசம், வருஷத்தோடு.

"வாங்க பஞ்சவர்ணம்! உங்களைக் காணாமல் தவித்துப்போனோம்."
வில்லாபுரத்தில் இதுவரை யாரும்
என்னைக் காணாமல் தவித்ததில்லை.

ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
தோற்றவர் பத்தியில் வரிவரியாக நான்.
ராத்திரி ஒன்றரைக்கு நான்.
சின்னவளுக்குக் காய்ச்சல் அடித்த அன்றும் நான்.

மூடப்போன இடத்தில் மஞ்சளாய் ஒரு பெட்டி:
திரும்பி வந்ததற்கு ஐம்பது ரூபாய் எங்கள் செலவு.

பதிமூன்று சீட்டு.
வரும்போதே ஹார்ட்டின் ஏழு, எட்டு, ஒன்பது.
முப்பதிலிருந்து இறங்குகிறது கடிகாரம்.
குக்கர் விசிலை எண்ணுவதை
எப்போது விட்டேன், தெரியவில்லை.
ஜெயித்தது நூற்று நாற்பது.
பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

குறியை அழித்தேன்.
வரி விழித்துக்கொண்டது.
குக்கரைத் தேய்க்க உட்கார்ந்தால்
ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக
எதையோ அமுக்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு வந்தவர்,
"என்ன தீஞ்ச வாடை?"
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
உக்காருங்க.
பழைய சாவிய எடுத்துட்டேன்.
புதுசு நீங்க போடுங்க.
எங்கிட்டச் சொல்லிறாதீங்க.

அவர் என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.
பின்னால் விசை தட்டும் சத்தம்,
மெதுவாக, கம்பி சுற்றும் நிதானத்தில்.
எண்ணக் கூடாது என்று நினைத்தும்
எண்ணிவிட்டேன்.
எட்டு.